நிரந்தரமாகப் போனவரும் தற்காலிகமாக வந்தவரும்

அமெரிக்காவில் எந்த ஊராக இருந்தாலும் சரி, சனிக்கிழமை இரவு நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினால் பேச்சு ஒரே வரிசையில்தான் போகும். முதலில் பிள்ளைகளின் படிப்பு. அப்புறம் வீட்டுக்கடன் வட்டி. சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்ததும் அரசியல். முதலில் தமிழ்நாடு: யார் யாரோடு கூட்டணி, எந்த நடிகர் எத்தனை சதவீதம் ஓட்டைப் பிரிப்பார், இந்தத் தடவை ஓட்டுக்கு என்ன விலை. பாயசம் வருவதற்குள் பேச்சு வாஷிங்டனுக்குத் தாவிவிடும். அங்கே என்ன உத்தரவு வந்தது, நாளைக்கு என்ன வரும், யாருக்கு வேலை போகும். குரல்கள் உயரும், மனைவிமார் கண் காட்டுவார்கள், யாராவது ஒருவர் 'விடுங்க, நமக்கென்ன' என்று முடித்து வைப்பார். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு நாட்டிலும் ஓட்டு இல்லை என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

நியூ ஜெர்ஸி மாநிலத்தில், எடிசன் நகரில் இருக்கும் ஒரு திருப்பூர்க்காரரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெயர் தேவையில்லை; ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்கப் போனால் அவரைப் போலப் பத்துப் பேர் எதிரே வருவார்கள். வயது 44. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். சேமிப்பைப் போட்டு வீட்டுக்குப் பின்னால் நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். மகன் கோயமுத்தூரில் அரசுக் கல்லூரியில் பொறியியல் படித்தார். சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு 2011இல் எச்-1பி விசாவில் அமெரிக்கா போனார். மகள் சென்னையில் பிறந்தவள், இப்போது 16 வயது. மகன் எடிசனில் பிறந்தவன், 10 வயது. இந்தக் குடும்பத்தில் பிற்காலத்தில் அமெரிக்கத் தேர்தலில் ஓட்டுப் போடப்போவது உறுதி என்று சொல்லத்தக்கவர், பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு திரியும் அந்தப் பத்து வயதுப் பையன் ஒருவன்தான்.

வரி கட்டுவதில் இவர் யாருக்கும் குறைந்தவர் அல்ல. சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவத்துக்கு 1.45 சதவீதம், அதற்கு மேல் மத்திய வருமான வரி, மாநில வருமான வரி. சொந்த வீடு வாங்கிவிட்டார்; வாங்க விசா தடையில்லை. அமெரிக்காவிலேயே வீட்டு வரி மிக அதிகம் உள்ள மாநிலம் நியூ ஜெர்ஸி. 2024இல் அங்கே சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10 ஆயிரம் டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. அந்தப் பள்ளிகளை நடத்தும் கல்விக் குழுவுக்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவருடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். கூட்டத்துக்குப் போகலாம், மைக் முன்னால் நின்று குறை சொல்லலாம். ஓட்டு மட்டும் கிடையாது. வேலை விசாவில் இருப்பவர் வேட்பாளருக்கு 10 டாலர் நன்கொடை கொடுத்தாலும் குற்றம். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கிற இடத்தில் வாக்காளர் பதிவுக்கும் சேர்த்தே கேட்பார்கள். கவனமில்லாமல் 'ஆம்' என்று குறித்துவிட்டால் பின்னால் குடியுரிமைக்கே வேட்டு வைத்துவிடும். ஆகவே நம்மவர்கள் அந்தப் பெட்டியைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

பக்கத்தில் நியூயார்க் நகரத்தில் ஒரு முயற்சி நடந்தது. குடியுரிமை இல்லாவிட்டாலும் கிரீன் கார்டோ வேலை அனுமதியோ வைத்திருப்பவர்கள் நகரத் தேர்தலில் மட்டுமாவது ஓட்டுப் போடலாம் என்று அங்கே மாநகர சபை 2021இல் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்குக் கிடைத்திருக்கும். வழக்குக்கு மேல் வழக்கு. 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒரு தேர்தலில்கூட அது பயன்படவில்லை.

'அப்படியானால் குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே' என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதில்தான் விசித்திரமானது. குடியுரிமைக்கு முன்னால் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகவேண்டும். வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் கிரீன் கார்டுகள். பிறந்த நாடு எதுவானாலும் அந்த நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே 7 சதவீதம், நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவீதம். நம்முடைய திருப்பூர்க்காரருக்காக அவர் நிறுவனம் விண்ணப்பித்தது 2015இல். 2025 அக்டோபரில் வெளியான பட்டியலின்படி அவர் இருக்கும் பிரிவில் 2013 ஏப்ரலுக்கு முன்னால் விண்ணப்பித்த இந்தியர்களுக்குத்தான் கதவு திறந்திருந்தது. இரண்டே வருடம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வரிசை சில மாதம் நகரும், பல மாதம் அசையாது, சமயத்தில் பின்னோக்கியும் போகும்.

இதில் அதிகம் தவிப்பது மகள் விஷயத்தில்தான். இரண்டு வயதில் போன பெண். அவளுக்குத் தெரிந்த ஊர் எடிசன் ஒன்றுதான். அப்பாவின் விசாவை ஒட்டிக்கொண்டிருக்கும் அவளுடைய அனுமதி 21 வயதோடு முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அவள் தனியாக மாணவர் விசா வாங்கவேண்டும், இல்லையென்றால் கிளம்பவேண்டும். தம்பி அங்கேயே இருக்கலாம், அக்கா இருக்கக் கூடாது. ஒரே வீட்டில் இப்படி இரண்டு பிள்ளைகள்.

சரி, புது நாட்டில்தான் இப்படி, பழைய நாட்டில்? அவர் கையில் இருப்பது இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2010இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு 6ஏ என்று ஒரு படிவம். கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரிக்கு உரிய தொகுதியில் பெயர் சேரும். இதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் ஓட்டுப் போட, அசல் கடவுச்சீட்டோடு அந்த வாக்குச்சாவடிக்கே நேரில் வரவேண்டும். தூதரகத்தில் பெட்டி கிடையாது, தபால் கிடையாது, இணையம் கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் நாடு முழுவதும் சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் பேர். நேரில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் 3 ஆயிரத்துக்கும் குறைவு. அதிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். வளைகுடாவிலிருந்து கூட்டமாக டிக்கெட் போட்டு 'ஓட்டு விமானம்' என்று பேர் வைத்து வந்து இறங்கினார்கள். துபாயிலிருந்து கோழிக்கோடு நாலு மணி நேரம். நியூ ஜெர்ஸியிலிருந்து திருப்பூருக்கு ஒரு முழு நாள்; நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட் விலை லட்சங்களில். அதைவிடப் பெரிய கவலை, திரும்பி வர முடியுமா என்பது. 2025 டிசம்பரில் எச்-1பி விசாக்காரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையெல்லாம் பார்க்கப்போகிறோம் என்று அமெரிக்கத் தூதரகங்கள் நேர்முகத் தேதிகளைப் பல மாதம் தள்ளிவைத்தன. விடுப்பில் ஊருக்கு வந்தவர்கள் வேலையையும் வீட்டையும் அங்கே விட்டுவிட்டு இங்கே மாட்டிக்கொண்டார்கள். ஓட்டுப் போடக் கிளம்பினால் இதே கதிதான் என்று யார் துணிவார்கள்?

குடியுரிமை மாறியவர்களின் நிலைமை வேறு. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பதிலுக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டையின் முழுப் பெயரிலேயே 'குடிமகன்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பெயரை வைத்தவர்கள் குசும்புக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாட்டு நாடாளுமன்றங்களும் இவருக்கு ஒரே மாதிரி நம்பிக்கை கொடுத்து ஒரே மாதிரி கைவிட்டன. வெளிநாட்டு இந்தியர் தன் சார்பில் ஊரில் ஒருவரை நியமித்து ஓட்டுப் போடவைக்கலாம் என்ற மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்கு வந்தது, அங்கேயே கிடந்தது, 2019 தேர்தலோடு காலாவதியானது. அந்தப் பக்கம், 7 சதவீத உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் அமெரிக்கக் கீழவையில் 365க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. மேலவை 2020 டிசம்பரில் அதையே வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவதற்குள் சபையின் காலம் முடிந்துவிட்டது. ஓட்டு இல்லாதவனின் கோரிக்கைக்கு யாரும் எதிரி இல்லை, ஆனால் அவசரமும் யாருக்கும் இல்லை.

பிலிப்பைன்ஸ் வெளிநாட்டில் வேலை பார்க்கும் தன் மக்களுக்கு 2003இலேயே சட்டம் போட்டு ஓட்டுக் கொடுத்தது. பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே 11 இடங்கள் உண்டு. இந்தியா தயங்குவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் எண்ணிக்கை கோடியைத் தாண்டும். ஓட்டை இன்னொருவர் கையில் கொடுத்தால் அவர் யாருக்குப் போடுவார் என்று எப்படித் தெரியும்? முதலாளி கையில் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்திருக்கும் ஊர்களில் ரகசிய ஓட்டு எப்படி நடக்கும்? நியாயமான கேள்விகள்தான். மின்னஞ்சலில் வாக்குச்சீட்டை அனுப்பித் தபாலில் திரும்பப் பெறலாம் என்று தேர்தல் ஆணையமே 2020இல் மத்திய அரசுக்கு எழுதியது. அதற்கு மேல் விஷயம் நகரவில்லை.

2025ஆம் வருடம் இவருடைய இரண்டு ஊர்களையும் ஒரே கையெழுத்து அசைத்துப் பார்த்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி விதித்தது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர் திருப்பூர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேர்வது அமெரிக்காவுக்கு. ஆர்டர்கள் நின்றன, சில கம்பெனிகளில் ஷிஃப்ட் குறைந்தது. மூன்று வாரத்துக்குச் சற்று மேல் கழித்து, செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை, புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு. புதியவர்களுக்கு மட்டுமா, பழையவர்களுக்குமா, வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குமா என்று முதல் நாள் யாருக்கும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பி வந்துவிடுங்கள் என்று பெரிய நிறுவனங்களே ஊழியர்களுக்கு அவசரச் செய்தி அனுப்பின. சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பத் தயாராக நின்ற விமானத்திலிருந்து சிலர் பெட்டியோடு இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. புதியவர்களுக்கு மட்டும்தான் என்ற விளக்கம் மறுநாள் வந்தது. ஆனால் அந்த ஒரு ராத்திரியில் எடிசனில் எத்தனை வீடுகளில் விளக்கு அணையவில்லையோ!

திருப்பூரில் அப்பாவுக்கும் அந்த ராத்திரி தூக்கமில்லை. அவருக்கு இரண்டு கவலை. மகனுக்கு வேலை இருக்குமா என்பது ஒன்று. லைன் வீட்டில் இருக்கும் பீகார்க்காரப் பையனுக்குக் கம்பெனியில் ஓவர்டைம் நின்று, இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தது இன்னொன்று.

பீகார்க்காரர் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் எடிசன்காரரின் கோபத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஊர் அரசியல் மேல் அவருக்கு ஏகப்பட்ட கோபம். ஓட்டுக்குப் பணம், இலவசம், வாரிசு, சினிமா. பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் எழுதுவார். 'அங்கே உக்காந்துட்டுப் பேசாத, இங்க வந்து பாரு' என்று பதில் வரும். இலவசத்தைத் திட்டுகிறவர், தான் அரசுக் கல்லூரியில் கட்டிய கட்டணத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்ற கோபத்தில் உண்மை உண்டு. அதை அவர் நண்பர்களும் மறுப்பதில்லை. அவர்களுக்கு எரிச்சல் தருவது சொல்லும் இடம்தான். எடிசனில் வேறு மாதிரி. 2022 ஆகஸ்டில் அங்கே நடந்த இந்தியச் சுதந்திர தின ஊர்வலத்தில், உத்தரப் பிரதேசத்தில் வீடுகளை இடிக்கப் பயன்பட்ட புல்டோசர் போன்ற ஒரு வண்டியைத் தலைவர்கள் படத்தோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். மேயர் கண்டித்தார், நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஊர்ச் சண்டையைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அடுத்தவன் தெருவில் இறக்குவதில் அவருக்கு வருத்தம். 'இப்படிச் செய்தால் வெள்ளைக்காரன் நம்மை என்ன நினைப்பான்' என்பார். அதே நியூ ஜெர்ஸியில், 1987இல், பொட்டு வைத்த பெண்களைத் தேடி அடிப்போம் என்று ஒரு கும்பல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதும், ஓர் இந்திய இளைஞர் ஹோபோக்கனில் அடித்துக் கொல்லப்பட்டதும் அங்கே நெடுநாள் இருப்பவர்களுக்கு மறக்கவில்லை. 'எங்கள் வேலையைப் பிடுங்க வந்தவர்கள்' என்ற சொல் இப்போது மறுபடி சமூக ஊடகங்களில் புரளும்போது அவருக்கு வயிறு கலங்குகிறது.

ஆனால் இதே மனிதர், வடநாட்டுத் தொழிலாளிகளைக் கேலி செய்யும் படங்கள் ஊரிலிருந்து வந்தால் சிரித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்புவார். 'நம்ம ஊரு நம்ம கையை விட்டுப் போகுது' என்று தலைப்பும் போடுவார். இரண்டுக்கும் அவர் மனதில் தொடர்பே இல்லை. தான் படித்துத் தேர்ந்து சட்டப்படி போனவர். அவர்கள் ரயிலேறிப் பிழைக்க வந்தவர்கள். அப்படித்தான் அவர் பிரித்து வைத்திருக்கிறார். சட்டப்படி பார்த்தால் ரயிலேறி வந்தவர்தான் சொந்த நாட்டுக்குள் இருக்கிறார். அவருக்கு விசாவே தேவையில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்த சண்டைகளைத் திருப்பூர் என்று சொல்லிச் சுற்றவிட்டார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்தது. வீடியோ பொய், ஆனால் திருப்பூர் ரயில் நிலையத்தில் பையோடு நின்றவர்களின் பயம் பொய்யில்லை. இரண்டரை வருடம் கழித்து அமெரிக்க விமான நிலையங்களில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது இது அவருக்கு நினைவு வந்ததா என்றால், வரவில்லை.

நினைவுபடுத்தியது ஒரு தொலைபேசி அழைப்பு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்கள். திருப்பூர் வீட்டுக்கு மூன்று படிவம். அப்பா, அம்மா, மகன். 14 வருடமாக அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, ஓட்டு லிஸ்ட்டுக்காரம்மா வந்திருக்காங்க. உம்பேரு இன்னும் இருக்குதாமா. என்னன்னு சொல்லட்டும்?"

"எடுத்துரச் சொல்லுங்கம்மா. நான் அங்க இல்லியே."

"நிரந்தரமாப் போயிட்டாருன்னு எழுதிக்குவாங்களாமா. அப்பிடி எதுக்கு எழுதோணும்? இருந்துட்டுப் போகட்டுமே. பேரு கெடந்தா பாரமா?"

அவரால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அமெரிக்க ஆவணங்களில் எச்-1பி என்பது தற்காலிக ஊழியர் என்ற வகை. 'குடியேறியவர் அல்லாதவர்' என்றுதான் அதற்குப் பெயர். 14 வருடம் வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளை பெற்ற பிறகும் அங்கே தற்காலிகமாக வந்தவர். இங்கே நிரந்தரமாகப் போனவர். டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. அவர்களில் 66 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இடம் பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள். அந்தக் கணக்கில் அவரும் ஒருவர். சாதாரண வாக்காளராக நீடிக்க அவருக்குச் சட்டத்தில் வழியில்லை என்பதும் உண்மைதான். வேண்டுமானால் 6ஏ படிவம் போட்டு வெளிநாட்டு வாக்காளராகச் சேரலாம்.

அம்மா போனை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவுக்கு வேறொரு கேள்வி.

"சாமி, பின்னால இருக்கற பீகார்க்காரப் பையன் நம்மூட்டு அட்ரஸ்ல ஓட்டு எழுதிக்கறேங்கறான். கரண்டு பில்லு நகல் வேணுமாமா. குடுக்கலாமா, வேண்டாமா?"

"அவங்களுக்கு அவங்க ஊர்ல இருக்குமேப்பா."

"அங்கயும் இதே மாதிரி லிஸ்ட்டு எடுத்தாங்களாமா. ஊருல இல்லீன்னு பேர எடுத்துட்டாங்களாம். நீ போன வாரம் அனுப்புனியே, அதயும் படிச்சேன். அதனாலதான் உன்னையக் கேக்கறேன்."

பீகாரில் 2025 ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றில் 36 லட்சம், குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணாதவர்கள் என்ற கணக்கு. வேலைக்கு வெளியூர் போனவர்கள் அதிகம் உள்ள மாநிலம் அது. யார் பெயர் போயிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அப்படிப் போனவர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேரப்போகிறார்கள் என்று அதே மாதம் இங்கே பெரிய சர்ச்சை. 6.5 லட்சம் பேர் என்று ஓர் எண்ணிக்கை உலவியது. தேர்தல் ஆணையம் அதைத் தவறு என்றது. தமிழ்நாட்டு அரசியல் மனநிலையே மாறிவிடும், தேசியக் கட்சிகளுக்குச் சாதகமாகிவிடும் என்று தலைவர்கள் பேசினார்கள். அந்தப் பயத்தை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. தொகுதி மறுவரையறை, இந்தி, நிதிப் பங்கீடு என்று தமிழ்நாட்டுக்கு வடக்கோடு தீராத வழக்குகள் உண்டு. ஆனால் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: இவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்? வாடகை வீடா சொந்த வீடா, எந்த மொழி பேசுகிறார், எந்தக் கட்சிக்குப் போடுவார் என்பதெல்லாம் படிவத்தில் இல்லை.

எடிசன்காரர் கேட்டார். "எத்தன வருசமா இருக்காங்கப்பா?"

"ஆறு வருசமாச்சு. புள்ள நம்ம பள்ளிக்கூடத்துல ஒண்ணாவது படிக்குது. உம்பையனக் காட்டியும் நல்லாத் தமிழ் பேசுது."

கடைசி வாக்கியத்தை அப்பா வேண்டுமென்றே சொன்னாரா, வாய் தவறிச் சொன்னாரா என்பது தெரியாது. நியூயார்க் நகர ஓட்டுரிமைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்த நாளில் 'வரி கட்டுகிறவனுக்கு ஓட்டு இல்லை என்பது என்ன நியாயம்' என்று குழுவில் நீளமாக எழுதியவர் இவர். திருப்பூரில் அந்தப் பையனும் வாங்குகிற ஒவ்வொரு சோப்புக்கும் வரி கட்டுகிறான். அவன் தைக்கிற டி-ஷர்ட் எடிசன் கடைகளில் தொங்குகிறது.

"குடுங்கப்பா," என்றார் கடைசியில். குரலில் அவ்வளவு உற்சாகம் இல்லை. சட்டென்று மனம் மாறிவிடுகிற ஆள் இல்லை அவர். அனுப்பிய படங்களை அழிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு புதிதாக எதையும் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அப்பா கரண்ட் பில்லை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் சும்மா விடவில்லை. "ஏனுங்க, நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா? நாளைக்கு நம்ம வார்டுல அவங்கதான் நிப்பாங்க."

"எம்பையன் அங்க போயி அதுக்குத்தானுங்க லைன்ல நிக்கறான்," என்றார் அப்பா.

புதுப் பட்டியலில் அந்த வீட்டில் அப்பா, அம்மா பெயர் இருக்கிறது. பீகார்க்காரர் படிவம் 6 கொடுத்துவிட்டு, விசாரிக்க யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறார். எடிசனில் 6ஏ படிவம் மடிக்கணினியில் பாதி நிரப்பியபடி நிற்கிறது. கடவுச்சீட்டு முகவரியைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கிறது. போன வருடம் புதுப்பித்தபோது அதில் திருப்பூர் வீட்டு முகவரியைத்தான் அவர் கொடுத்திருந்தார்.